வேளாண் பல்கலைக்கழக வளாகத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி? கோயம்புத்தூரை முன்வைத்து ஒரு வழிகாட்டி

நூற்றாண்டு விழா நெருங்கும்போதுதான் பெரும்பாலான கல்வி நிறுவனங்களுக்குத் தம் வரலாற்றைப் பற்றிய நினைவு வருகிறது. உடனே குழு ஒன்று அமைக்கப்படும்; மூன்று மாதத்துக்குள் மலர் வெளிவந்தாக வேண்டும் என்பார்கள்; வாழ்த்துரைகள் முதல் நாற்பது பக்கங்களை விழுங்கிவிடும்; எஞ்சிய பக்கங்களில் துணைவேந்தர்களின் படவரிசை, கட்டடங்களின் திறப்பு விழாத் தேதிகள், பெற்ற விருதுகள் ஆகியவை இடம்பெற மலர் நிறைவுறும். கலைக் கல்லூரிக்கோ பொறியியல் கல்லூரிக்கோ இந்த முறை ஓரளவு பொருந்தலாம். வேளாண் பல்கலைக்கழகத்துக்கு இது பொருந்துவதில்லை. அங்கு நிலமே ஆய்வுக்கூடம்; வகுப்பறையைக் காட்டிலும் வயல் மூத்தது; எந்தக் கட்டடம் எப்போது எழுந்தது என்பதைவிட எந்த வயலில் எது எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து விளைவிக்கப்பட்டது என்பதே அந்த இடத்தின் உண்மையான வரலாறு.

ஆகவே, வளாக வரலாறு எழுத முன்வரும் மாணவருக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும், உள்ளூர் வரலாற்று ஆர்வலருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: புலத்திலிருந்து தொடங்குங்கள். எப்படித் தொடங்குவது, எங்கே தேடுவது, எங்கே ஏமாறாமல் இருப்பது என்பதை, கோயம்புத்தூர் லாலி சாலையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். இதே முறையைச் சற்று மாற்றி வேறு எந்த வேளாண் கல்லூரிக்கும், ஆராய்ச்சி நிலையத்துக்கும் கையாளலாம்.

நிறுவனத்தின் வயதும் வளாகத்தின் வயதும்

எழுத உட்கார்ந்ததும் எதிர்ப்படும் முதல் சிக்கல், எந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொள்வது என்பதே. சென்னை ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசன் காலத்தில், 1865-இல் சைதாப்பேட்டையில் ஒரு மாதிரிப் பண்ணை தொடங்கப்பட்டது. அங்கு அமைந்த வேளாண் பள்ளியின் ஆண்டாகிய 1868-ஐத்தான் பல்கலைக்கழகம் தன் வேராகக் குறிப்பிடுகிறது. அந்தக் கல்வி 1906-இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது. 1920-இல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. 1958-இல் முதுநிலை, முனைவர் பட்டங்களுக்கான மையமாக ஏற்கப்பட்டது. 1965-இல் மதுரையில் இன்னொரு வேளாண் கல்லூரி எழுந்தது. இவ்விரு கல்லூரிகளையும் கருவாகக் கொண்டு 1971 ஜூன் 1 அன்று பல்கலைக்கழகம் பிறந்தது. நுண்ணுயிரியல் அறிஞர் கோ. ரங்கசாமி அதன் முதல் துணைவேந்தரானார்.

இவற்றுள் எது சரியான தொடக்கம் என்று வாதிடுவதில் பொழுதைச் செலவிட வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு பொருளின் தொடக்கம். பள்ளியின் வயது வேறு, வளாகத்தின் வயது வேறு, பல்கலைக்கழகத்தின் வயது வேறு. உங்கள் நூல் வளாகத்தைப் பற்றியது என்றால் 1906-ஐ மையமாக வைத்து, சைதாப்பேட்டையை முன்கதையாகச் சில பக்கங்களில் முடித்துக்கொள்ளுங்கள். இந்த வேறுபாட்டை முன்னுரையிலேயே தெளிவாக எழுதிவிட்டால், பின்னால் வரும் பாதிக் குழப்பங்கள் எழவே எழா. பீகாரின் பூசாவில் 1905-இல் நிறுவப்பட்ட மத்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1934 நிலநடுக்கத்தில் இடிந்து, 1936-இல் தில்லிக்கு மாறியது. பெயரும் கூடவே பயணப்பட்டதால் இன்றும் தில்லியில் உள்ள வளாகத்தைப் ‘பூசா’ என்றே அழைக்கிறார்கள். நிறுவனமும் நிலமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியக்கூடியவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

முன்கதையில் எவ்வளவு எழுதலாம் என்பதற்கும் ஓர் அளவு வேண்டும். 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம், அதன் விளைவாக வந்த 1880-ஆம் ஆண்டுப் பஞ்சக் குழுவின் அறிக்கை, அதையொட்டி 1882-இல் சென்னை மாகாணத்தில் அமைந்த வேளாண் துறை, கர்சன் பிரபுவின் ஆட்சிக் காலத்தில் பூசாவுடன் கோவை, புனே, நாக்பூர், கான்பூர், சபோர், லியால்பூர் ஆகிய ஊர்களில் கல்லூரிகள் அமைக்கத் திட்டமிடப்பட்டது ஆகியவை போதும். அதேபோல 1971-இல் நிகழ்ந்த மாற்றத்தை விளக்க, கல்லூரிகள் அமைக்க மாநிலங்களுக்கு நிலம் வழங்கிய அமெரிக்காவின் 1862-ஆம் ஆண்டு நிலக்கொடைச் சட்டத்தையும், அந்த முன்மாதிரியைப் பின்பற்றி 1960-இல் பந்த் நகரில் தொடங்கிய நாட்டின் முதல் வேளாண் பல்கலைக்கழகத்தையும் ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் வர வேண்டும் என்ற கருத்து அந்த வழியாகத்தான் இங்கு வந்து சேர்ந்தது. ஆனால் பஞ்சத்தைப் பற்றி ஐம்பது பக்கம் எழுதிவிட்டு வளாகத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிய கையெழுத்துப் படிகளையும் நான் பார்த்திருக்கிறேன். அவை வேறு நூல்களாக வந்திருக்க வேண்டியவை.

நிலத்தை வாசித்தல்

வளாகத்தின் எல்லைக்குள் இன்று என்னென்ன இருக்கின்றன என்று நடந்து பார்த்துப் பட்டியலிடுவதற்கு முன்பு, அந்த இடம் வளாகமாவதற்கு முன்பு யாருடைய நிலமாக இருந்தது என்பதைக் கண்டறியுங்கள். வருவாய்த் துறையின் அ-பதிவேடு (புல எண் வாரியாக நில விவரம் தரும் ஏடு), புலப்பட நூல் (ஒவ்வொரு புலத்தின் அளவு வரைபடம்), பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகள் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் எந்தப் புல எண் நன்செய், எது புன்செய், எதில் கிணறு இருந்தது, எது புறம்போக்கு என்பது துலங்கும். 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி எடுக்கப்பட்ட நிலமாக இருந்தால், இழப்பீட்டுத் தீர்வாணையில் உழவர்களின் பெயர், பரப்பு, மரங்களின் எண்ணிக்கை, கிணற்றுக்கு நிர்ணயித்த விலை வரை இருக்கும். நிலம் கொடுத்தவர்களைப் பற்றி ஓர் இயலாவது இல்லாத வளாக வரலாற்றை முழுமையானது என்று நான் ஏற்பதில்லை. கல்லூரியின் நன்கொடையாளர்களுக்குச் சலவைக்கல் வைக்கிறோம். காலங்காலமாக உழுத நிலத்தை விட்டுப் போனவர்களுக்குப் பெரும்பாலும் பதிவேட்டின் ஒரு வரிதான் மிஞ்சுகிறது.

இதில் ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. வருவாய்த் துறையின் புல எண்ணும் பண்ணை அலுவலகத்தின் வயல் எண்ணும் ஒன்றல்ல. பண்ணையில் நன்செய்ப் பிரிவு, கிழக்குப் பிரிவு, பழத்தோட்டம் என்று தனித்தனிப் பகுதிகளும் அவற்றுக்குள் தனித்தனி எண்களும் இருக்கும்; காலப்போக்கில் ஒரு வயலை இரண்டாகப் பிரித்து எண்ணோடு ஆங்கில எழுத்தொன்றைச் சேர்த்திருப்பார்கள். பட்ட ஆய்வேடுகளிலும் பண்ணைப் பதிவேடுகளிலும் இந்த இரண்டாவது எண்தான் வரும். ஆகவே பெரிய அளவில் ஒரு வரைபடம் எடுத்து, புல எண்ணைச் சிவப்பிலும் வயல் எண்ணை நீலத்திலும் குறித்து, இரண்டுக்கும் ஓர் ஒப்புமை அட்டவணை செய்துகொள்ளுங்கள். இதற்கு இரண்டு வாரம் பிடிக்கும். ஆனால் அதற்குப் பிறகு எந்த ஆவணம் கைக்கு வந்தாலும் அது எந்த மண்ணைப் பற்றிப் பேசுகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

அடுத்து, ஒவ்வொரு வயலுக்கும் ஓர் அட்டை தயாரியுங்கள். வயல் எண், மண்ணின் வகை, பாசன வழி, பயிர் வரிசை, நடந்த சோதனைகள், பொறுப்பு அலுவலர், வயல் பயன்பாடு மாறிய ஆண்டு ஆகியவை அதில் இருக்கட்டும். சில அட்டைகளில் நான்கு வரிக்கு மேல் தேறாது. சில அட்டைகள் ஒரு நூலுக்கே போதுமானவை.

அத்தகைய ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். 1909-ஆம் ஆண்டில் கோவை வளாகத்தின் செம்மண் நிலத்தில் நிரந்தர உரச் சோதனை ஒன்று தொடங்கப்பட்டது. நிலத்தைச் சிறுசிறு பாத்திகளாகப் பிரித்து, ஒன்றுக்கு எதுவும் இடாமல், ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்து மட்டும், ஒன்றுக்குச் சாம்பல் சத்து மட்டும், பின்னர் இவற்றின் இணைப்புகள், ஒன்றுக்குத் தொழு உரம் என்று ஆண்டுதோறும் ஒரே பாத்திக்கு ஒரே உரத்தை இட்டுவருவதே சோதனை. கேட்பதற்கு எளிது, தலைமுறைகள் கடந்து அதைப் பிசகாமல் செய்வது அரிது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1843-இல் தொடங்கிய கோதுமைச் சோதனையின் மரபைச் சேர்ந்தது இது. இதற்குப் பின் இன்னொரு நிரந்தர உரச் சோதனையும், 1972 முதல் கரிசல் சார்ந்த மண்ணில் கேழ்வரகையும் மக்காச்சோளத்தையும் மாற்றி மாற்றிப் பயிரிடும் நீண்டகால உரச் சோதனையும் சேர்ந்துகொண்டன.

பயிர் இடுப்பளவு வளர்ந்திருக்கும் பருவத்தில் இத்தகைய சோதனை வயலின் வரப்பில் நின்று பாருங்கள். எதுவும் இடாத பாத்தியும் முழு உரம் இட்ட பாத்தியும் ஒரே நாளில், ஒரே விதையால் விதைக்கப்பட்டவை. இடையில் இருப்பது வரப்பு மட்டுமே. ஒரு பக்கம் வெளிறிக் குட்டையாக நிற்கும் பயிர், மறுபக்கம் கரும்பச்சையாக எழுந்து நிற்கும். அந்த உயர வேறுபாட்டுக்குள் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட முடிவுகள் அடங்கியிருக்கின்றன. வரலாறு எழுதுபவர் கேட்க வேண்டிய கேள்வி விளைச்சலைப் பற்றியது மட்டுமன்று. நகரம் வளர்ந்தது, மாணவர் எண்ணிக்கை பெருகியது, விடுதிக்கும் விளையாட்டுத் திடலுக்கும் இடம் தேவைப்பட்டது. அத்தனை நெருக்கடியிலும் இந்தச் சில சென்ட் நிலத்தைத் தொடாமல் விட்டவர்கள் யார், எந்தக் கூட்டத்தில் அதற்காக வாதாடினார்கள்? கட்டாமல் விட்ட இடங்களுக்குக் கல்வெட்டு கிடையாது. கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளில்தான் அதன் தடம் இருக்கும். அதைத் தேடி எடுப்பது உங்கள் பொறுப்பு.

ஏடுகளைத் தேடிப் போதல்

1971-க்கு முற்பட்ட காலத்தில் கல்லூரியும் ஆராய்ச்சியும் அரசின் வேளாண் துறைக்குள் இருந்தன. ஆகவே அக்காலத்துக்கான அரசாணைகளைச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும்; பல்கலைக்கழகத்தின் பதிவறையில் தேடி ஏமாறாதீர்கள். தொடக்க கால ஆணைகள் பெரும்பாலும் வருவாய்த் துறையின் தலைப்பில் இருக்கும் என்பதை மறவாதீர்கள். அரசாணையின் எண், நாள், துறை ஆகிய மூன்றும் இருந்தால்தான் கட்டு கைக்கு வரும்; எனவே முதல் சில நாட்களை ஆண்டுவாரி அகரவரிசைப் பட்டியலைப் புரட்டுவதிலேயே செலவிடுங்கள். ஆணையைக் காட்டிலும் அதனுடன் கட்டிவைத்த குறிப்புகள் சுவையானவை. ஓர் அதிகாரி ஏன் மறுத்தார், நிதித்துறை எதைக் குறைத்தது, பொறியாளர் எந்தக் கிணற்றை வேண்டாம் என்றார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். வேளாண் துறையின் ஆண்டறிக்கைகளைக் கன்னிமாரா நூலகத்திலும் தேடலாம். அண்மைக் கால ஆவணங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம்; ஆனால் பண்ணை மேலாளரிடம் நேரில் போய்ப் பணிவுடன் கேட்பது பல நேரங்களில் விரைவான வழி.

கல்லூரியிலிருந்தே வெளிவந்த மதராஸ் வேளாண் இதழ் உங்களுக்குக் கிடைத்த புதையல். 1913-இல் மாணவர் சங்கத்தின் இதழாகத் தொடங்கி இன்றுவரை வருவது அது. அதன் ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் படித்துக்கொள்வார்கள். நீங்கள் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள்: கல்லூரிச் செய்திகள், இடமாற்றங்கள், விளையாட்டு முடிவுகள், இரங்கல் குறிப்புகள், விளம்பரங்கள். ஒரு விடுதி எப்போது நிரம்பி வழிந்தது, எந்த ஆண்டு மழை பொய்த்தது, எந்தப் பேராசிரியர் எந்த ஊருக்குப் போனார் என்பதை அந்தச் சிறிய எழுத்துகள் சொல்லும்.

ஆய்வேடுகளையும் ஒதுக்காதீர்கள். கோவையில் எழுதப்படும் வேளாண் ஆய்வேடுகளில் ‘பொருள்களும் முறைகளும்’ என்னும் இயல் பெரும்பாலும் வளாகத்தின் இருப்பிடத்தைச் சொல்லித்தான் தொடங்கும்: வடக்கு அட்சரேகை 11 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 77 பாகை, கடல் மட்டத்திலிருந்து 426.7 மீட்டர் உயரம். பல ஆண்டுகளாக வழிவழியாக வரும் வரி இது. பதின்மத்தில் ஓரிலக்கம் வரை துல்லியமாக அளந்தவர் யார் என்று வியந்து, அந்த எண்ணை அடியாக மாற்றிப் பாருங்கள். ஓர் அடி 0.3048 மீட்டர் என்னும் கணக்கில் 1400 அடி என்பது 426.72 மீட்டர். ஆக, அடியில் முழு எண்ணாகக் குறித்த ஒரு பழைய தோராயம், மீட்டருக்கு மாறியபோது பதின்மப் புள்ளி சேர்த்துக்கொண்டு துல்லியம்போலத் தோற்றமளிக்கிறது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. பரந்து கிடக்கும் ஒரு வளாகத்தின் நன்செய்க்கும் மேட்டுநிலத்துக்கும் ஒரே உயரம் இருக்கவும் முடியாது. இதுபோன்ற எண்களைப் பார்க்கும்போதெல்லாம் பழைய அளவைக்கு மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்.

அளவைகளில் இன்னும் சில பொறிகள் உண்டு. ஏக்கருக்கு இத்தனை பவுண்டு என்றிருக்கும் பழைய விளைச்சலை 1.12-ஆல் பெருக்கினால் எக்டருக்குக் கிலோ வரும். 1957 ஏப்ரலுக்கு முந்தைய கணக்குகள் ரூபாய், அணா, பை முறையில் இருக்கும். வருவாய் ஏடுகளில் வரும் பசலி ஆண்டுடன் 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1316 என்பது 1906 ஜூலையில் தொடங்குவது. பசலி ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை ஓடுவதால், ஜனவரி முதல் ஜூன் வரையான நிகழ்வுக்கு ஓராண்டு கூட்டிக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காமல் ஓராண்டு பிசகிய தேதிகள் மலர்களில் நிரம்பக் கிடக்கின்றன.

இரகப் பெயர்களில் ஒளிந்திருக்கும் முகவரிகள்

வேளாண் வளாகத்துக்கே உரிய ஓர் ஆவண வகை, பயிர் இரகங்களின் பெயர். உழவர் கடையில் ‘கோ 51 இருக்கிறதா’ என்று கேட்கும்போது அவர் கோவை வளாகத்தின் பெயரைத்தான் சொல்கிறார். ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை, ஏ.எஸ்.டி. என்றால் அம்பாசமுத்திரம், உழவர் வழக்கில் ‘அம்பை 16’, டி.கே.எம். என்றால் திரூர்க்குப்பம், எம்.டி.யூ. என்றால் மதுரை. கோவையில் 1912-இல் நெல் இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. பின்னர் ஆடுதுறையும் அம்பாசமுத்திரமும் சேர்ந்தன. இரகப் பெயர்களை ஆண்டு வரிசையில் அடுக்கினாலே நிலையங்கள் பரவிய வரைபடம் கிடைத்துவிடும்.

சில பெயர்கள் ஊரைச் சொல்லாமல் பதவியைச் சொல்கின்றன. கிச்சிலிச் சம்பா என்று பெயர் பெற்ற ஜி.இ.பி. 24 என்னும் நெல் 1921-இல் வெளிவந்தது. முதல் மூன்று எழுத்துகளும் அரசின் பொருளாதாரத் தாவரவியலாளர் என்னும் பதவியின் ஆங்கிலச் சுருக்கம், எஃப்.ஆர். பார்னெல் வகித்த பதவி அது. பதவி மறைந்துவிட்டது, நெல்லின் பெயரில் தங்கிவிட்டது. பருத்தியில் எம்.சி.யூ. என்பது மதராஸ், கம்போடியா, உகாண்டா ஆகிய மூன்றின் சுருக்கம். விதை எங்கிருந்தெல்லாம் வந்தது என்பதை மூன்றே எழுத்தில் சொல்லிவிடுகிறது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கரும்பில் வரும் ‘கோ’ பல்கலைக்கழகத்துடையதன்று. அருகிலுள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனத்துடையது. 1912-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் நாட்டுக் காட்டுக் கரும்பான நாணலையும் உயர்வகைக் கரும்பையும் இணைத்து உருவாக்கிய கோ 205, 1918-இல் வெளிவந்து வடநாட்டுக் கரும்புச் சாகுபடியின் போக்கை மாற்றியது. கோவையில் கரும்பு நன்கு பூத்து விதை பிடிக்கும் என்பதே அந்த நிறுவனம் இங்கு அமைந்ததற்குக் காரணம். இரண்டு நிறுவனங்களின் கதையும் வேலிக்கு இருபுறமும் ஒன்றோடொன்று பின்னியவை. ஆனால் ஒன்றின் சாதனையை மற்றொன்றின் கணக்கில் எழுதுவது பிழை.

பூச்சிப் பெட்டிகளும் இதே வகையைச் சேர்ந்தவையே. வளாகத்தின் பூச்சி அருங்காட்சியகம் 2018-இல் திறக்கப்பட்டது. ஆனால் பெயின்பிரிக் பிளெட்சர், டி.வி. ராமகிருஷ்ண ஐயர் முதலிய பூச்சியியலாளர்களின் காலத்திலேயே இங்கு பூச்சி சேகரிப்பு வழக்கமாகிவிட்டது. இத்தகைய சேகரிப்புகளில் ஒவ்வோர் ஊசியின் கீழும் விரல்நகம் அளவுள்ள சீட்டில் இடம், நாள், பயிர் எழுதியிருப்பது மரபு. எந்த ஆண்டு எந்த வயலில் எந்தப் பயிர் நின்றது என்பதற்குப் பதிவேடு தொலைந்த இடத்தில் ஒரு வண்டு சாட்சி சொல்லக்கூடும்.

கட்டடங்கள்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏனையோர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அடிக்கல் நாட்டிய நாளும் திறந்த நாளும் குடியேறிய நாளும் வெவ்வேறு என்பதை நினைவில் வையுங்கள். பொதுப்பணித் துறையின் அளவைப் புத்தகமும் முடிவுற்ற வரைபடமும் கிடைத்தால் சலவைக்கல்லைவிட அவற்றை நம்பலாம். மங்களூர் ஓட்டில் பொறித்த ஆண்டைக் கட்டட ஆண்டாகக் கொள்ளாதீர்கள். அது பல நேரங்களில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டாக இருக்கும். சாலைப் பெயர்களைக் கவனியுங்கள்: லாலி சாலை, 1906 முதல் 1911 வரை சென்னை ஆளுநராக இருந்த சர் ஆர்தர் லாலியின் பெயரைத் தாங்குகிறது, வளாகம் உருவான ஆண்டுகளும் அவையே.

நினைவுகளைக் கேட்டு எழுதுதல்

பேராசிரியர்களைச் சந்திக்க எல்லோரும் போவார்கள். நீங்கள் பண்ணைத் தொழிலாளர்களிடமும், மேஸ்திரிகளிடமும், டிராக்டர் ஓட்டுநர்களிடமும், வானிலைக் கூண்டில் காலைதோறும் அளவெடுத்தவர்களிடமும் முதலில் போங்கள். வயதில் மூத்தவர்கள் என்பதால் அவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வயலை அவர்கள் அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிந்ததில்லை என்பது அதனினும் முக்கியமான காரணம்.

எந்த ஆண்டு என்று கேட்டால் யாருக்கும் விடை தெரியாது. ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பல ஆண்டுகள் மேஸ்திரியாக இருந்த பெரியவரிடம், பழைய கமலைக் கிணற்றை எப்போது மூடினார்கள் ஐயா என்று கேட்டேன். “வருசமெல்லாம் தெரியலீங்க. மூத்தவன் தவழ்ந்துக்கிட்டிருந்தான். எம்.ஜி.ஆர். அப்பத்தான் மொதல் மந்திரியானாரு” என்றார். 1977 என்று குறித்துக்கொண்டேன். பின்னர் கிடைத்த மின்மோட்டார் வாங்கிய ரசீதும் அதையே சொன்னது. எனவே பிறப்பு, திருமணம், தேர்தல், புயல், பஞ்சம் ஆகியவற்றோடு கோத்துக் கேளுங்கள். கூடுமானால் அவர்களை வயலுக்கே அழைத்துச் செல்லுங்கள். வீட்டுத் திண்ணையில் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோகும் பேச்சு, வரப்பில் நடக்கும்போது இரண்டு மணி நேரம் நீளும். பதிவு செய்வதற்கு முன் ஒப்புதல் கேளுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயரை விடுங்கள்.

இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை நான் கசப்பாகக் கற்றேன். வேறொரு நிலையத்தில் அறுபது ஆண்டுக் காலப் பயிர்ப் பதிவேடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அறுவடை முடியட்டும் என்று காத்திருந்து போனபோது, அறையைக் காலி செய்யச் சொல்லி வந்த ஆணைப்படி அவை முந்திய வாரமே எடைக்குப் போடப்பட்டிருந்தன. எஞ்சியிருந்தது அலமாரியின் அடியில் கிடந்த ஒரே ஒரு மஸ்டர் ரோல் புத்தகம், அதாவது கூலியாட்களின் வருகைப் பதிவேடு. அதில் கைநாட்டுகளுக்கு எதிரே எழுதியிருந்த பெயர்களில் பாதிக்கு மேல் பெண்கள். நடவிலும் களையெடுப்பிலும் சோதனைப் பாத்திகளின் அறுவடையிலும் உழைத்தவர்கள். ஆண்டறிக்கைகள் எதிலும் நான் அவர்களைச் சந்தித்ததில்லை.

எழுதும்போது

திரட்டியவற்றைக் கால வரிசையில் எழுதுவதா, இடவாரியாக எழுதுவதா என்ற கேள்வி எழும். நான் இடவாரியாக எழுதுவதையே பரிந்துரைப்பேன். நன்செய்ப் பகுதிக்கு ஓர் இயல், கரிசல் நிலத்துக்கு ஓர் இயல், பழத்தோட்டத்துக்கு ஓர் இயல், விடுதிகளுக்கு ஓர் இயல் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் காலம் நகரட்டும். துணைவேந்தர்களின் பட்டியல் பின்னிணைப்பில் இருந்தால் போதும். எம்.எஸ். சுவாமிநாதன் இங்கு இளநிலை வேளாண் பட்டம் பெற்றார் என்பது பெருமைக்குரிய செய்திதான். அதை ஒரு வரியில் எழுதிவிட்டு, அக்கால மாணவர்கள் எந்த வயலில் ஏர் பிடித்துப் பயிற்சி பெற்றார்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்பதைப் பத்து வரியில் எழுதுங்கள்.

வளாகத்திலிருந்து பிரிந்து சென்றவற்றையும் சேர்க்க வேண்டும். வனவியல் கல்வி மேட்டுப்பாளையத்துக்குச் சென்றது. ஒரு காலத்தில் இதே பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த கால்நடை மருத்துவக் கல்வி 1989-இல் தனிப் பல்கலைக்கழகமானது. ஒரு துறை வெளியேறியதும் அதன் கட்டடத்திலும் நிலத்திலும் யார் குடியேறினார்கள் என்று பார்த்தால், அக்காலத்தில் எந்தத் துறையின் கை ஓங்கியிருந்தது என்பது தெரியும்.

இரண்டு ஆவணங்கள் முரண்பட்டால் உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நிகழ்வு நடந்த காலத்துக்கு எது நெருக்கமானது, எழுதியவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று பாருங்கள். அப்போதும் தீராவிட்டால் இரண்டையும் கொடுத்து அடிக்குறிப்பில் காரணத்தை எழுதுங்கள். தோற்ற சோதனைகளை விட்டுவிடாதீர்கள். நோய் தாக்கி அழிந்த தோட்டம், நிதி நின்று கைவிடப்பட்ட திட்டம், உழவர்கள் ஏற்க மறுத்த கருவி ஆகியவற்றைச் சொல்லும்போதுதான் வென்றவை ஏன் வென்றன என்பது விளங்கும். ‘புகழ்மிக்க’, ‘சீரிய’, ‘அரும்பெரும்’ என்னும் அடைமொழிகளை முதல் படியிலேயே அடித்துவிட்டு, அவை இருந்த இடத்தில் ஓர் அளவையோ ஆண்டையோ வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடலாம். புகைப்படங்களுக்குக் கீழே இடம், திசை, ஆண்டு மூன்றும் இருக்க வேண்டும். ‘பழைய கட்டடத்தின் எழில்மிகு தோற்றம்’ என்பது விளக்கமாகாது.

அச்சுக்குப் போகும் முன் படியை மூவரிடம் கொடுங்கள். வரைபடத்தைப் பண்ணை மேலாளரும், புல எண்களை ஒரு நில அளவையரும் சரிபார்க்கட்டும். ஓய்வுபெற்ற தொழிலாளர் ஒருவருக்கு வயல்களைப் பற்றிய பகுதியை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் தலையை ஆட்டி மறுக்கிறாரோ அந்த இடத்தில் உங்கள் ஆவணத்தை மீண்டும் திறந்து பாருங்கள். நூல் வெளிவந்த பின், வயல் அட்டைகளின் ஒரு தொகுதியைப் பண்ணை அலுவலகத்திலும் ஒலிப்பதிவுகளை நூலகத்திலும் ஒப்படைத்துவிடுங்கள். ஒரே ஒரு பிரதியில் மட்டும் ஒவ்வோர் இயலுக்குப் பின்னும் இரண்டு வெற்றுத் தாள்களைச் சேர்த்துக் கட்டச் சொல்லி, அதை நூலகத்தின் படிக்கும் மேசையில் பென்சிலோடு வையுங்கள். அடுத்த பதிப்புக்கான திருத்தங்கள் அந்தத் தாள்களில் சேர்ந்துகொண்டிருக்கும்.